ஏரிக்கு அடியில் போன பப்பைத் தேடியபோது

மான்செஸ்டரில் எங்கள் வீட்டுக் குழாய்க்குத் தண்ணீர் வர ஒரு கிராமம் தன் இடத்தைக் கொடுத்திருக்கிறது. வடமேற்கு இங்கிலாந்தில் லேக் டிஸ்ட்ரிக்ட் மலைகளின் கிழக்குப் பக்கம் ஹாஸ்வாட்டர் என்று ஒரு நீளமான ஏரி. அதன் தென்மேற்கு முனையில், இன்று தண்ணீர் நிற்கிற இடத்தில், மார்டேல் கிரீன் இருந்தது. சில பண்ணை வீடுகள், ஒரு சின்னத் தேவாலயம், டன் புல் என்ற பப், அவ்வளவுதான் ஊர். மங்கிய பழுப்பு நிறக் காளையின் பெயர் அந்தப் பப்புக்கு. மான்செஸ்டர் மாநகராட்சி 1919-ல் நாடாளுமன்றத்தில் அனுமதிச் சட்டம் வாங்கியது. 1929-ல் அணை வேலை தொடங்கியது. 1935-ல் பள்ளத்தாக்கில் நீர் ஏறத் தொடங்கியது. பழைய ஏரியின் மட்டம் 29 மீட்டர் உயர்ந்தது. பல நூறு வருஷமாக இருந்த டன் புல் அதோடு முடிந்தது.

நான் குடிக்கிற தண்ணீர் எந்த வீட்டு அடுப்பங்கரை மேல் நிற்கிறது என்று தெரிந்த பிறகு சும்மா இருக்க மனசு வரவில்லை. அந்தப் பப்பில் யார் இருந்தார்கள், என்ன நடந்தது என்று தேட ஆரம்பித்தேன். வேலை நாட்களில் நேரம் கிடைக்காது. விடுமுறை, மழைக்கால மாலை என்று இழுத்துக்கொண்டே போன தேடல் இது. இங்கிலாந்தில் காணாமல்போன கிராமப் பப் எதையாவது தேட நினைக்கிறவர்களுக்கு நான் கற்றுக்கொண்டது பயன்படும் என்பதால் எழுதுகிறேன்.

முதலில் சொல்ல வேண்டியது இதுதான்: பப்பைப் பப்பாக மட்டும் தேடினால் ஒன்றும் சிக்காது. அந்தக் கூரைக்குக் கீழே ஊர் என்னென்ன காரியம் நடத்தியதோ அதைத் தேட வேண்டும். பப் என்றால் நம் ஆட்களுக்குக் குடிதான் நினைவுக்கு வரும். மலைக் கிராமத்தில் அது ஊர்ச்சாவடி, தபால் வந்து சேருமிடம், வழிப்போக்கர் தங்குமிடம், ஏலக்கூடம் எல்லாமே. யாராவது மலையில் விழுந்து இறந்தால் மரண விசாரணை பெரும்பாலும் பப்பில்தான் நடக்கும். 1902-ம் வருஷச் சட்டம், வேறு தகுந்த இடம் இருந்தால் பப்பில் நடத்தக் கூடாது என்று சொல்லும்வரை இங்கிலாந்து முழுக்க இதுதான் வழக்கம். குடித்ததை யாரும் எழுதி வைக்கவில்லை. ஆனால் விசாரணை, ஏலம், ஆட்டுத் தகராறு எல்லாவற்றையும் யாரோ எங்கேயோ எழுதி வைத்திருக்கிறார்கள்.

மார்டேல் விஷயத்தில் எல்லாக் கதவையும் திறந்த சாவி ஆடுதான்.

அந்த மலைகளில் வேலி கிடையாது. ஒவ்வொரு பண்ணையின் மந்தையும் தன் மலைப்பகுதியைத் தாயிடமிருந்து கற்று அங்கேயே மேயும். ஆனாலும் சில ஆடுகள் முகட்டைத் தாண்டி அடுத்த பள்ளத்தாக்குக்குப் போய்விடும். அவற்றைப் பிடித்து உரியவரிடம் சேர்க்க வருஷத்துக்கு ஒரு முறை மேய்ப்பர் சந்திப்பு நடக்கும். மார்டேலில் அது நவம்பரில், டன் புல்லில். சுற்றியிருந்த பள்ளத்தாக்குகளிலிருந்து வழி தவறிய ஆடுகளை ஓட்டிக்கொண்டு கணவாய் தாண்டி வருவார்கள். லாங்ஸ்லெடேல் பக்கமிருந்து கேட்ஸ்கார்த் கணவாய் வழியாக வரலாம், கென்ட்மியர் பக்கமிருந்து நான் பீல்ட் கணவாய் வழியாக. மழையோ பனியோ, நடைதான். பட்டியில் ஆடுகளை அடைத்து, அடையாளம் பார்த்து, உன்னுடையது என்னுடையது என்று தீர்த்த பிறகு சாப்பாடு, வேட்டை நாய் ஓட்டம், பாட்டு. அல்ஸ்வாட்டர் வேட்டை நாய்க் கூட்டத்தைப் பல வருஷம் நடத்திய ஜோ போமன் அந்தக் காலத்தில் இந்த வட்டாரம் முழுக்கத் தெரிந்த முகம். சந்திப்பு ஒரே நாளில் முடியாது. மலையேறி வந்தவர்கள் உடனே திரும்புவார்களா என்ன?

இதைவிடப் பழைய சந்திப்பு ஒன்று மலை உச்சியிலேயே நடந்திருக்கிறது. மார்டேலுக்கு மேலே 828 மீட்டர் உயரத்தில் ஹை ஸ்ட்ரீட் என்று ஒரு மலை. அதன் மேல் ரோமானியர் போட்ட சாலை ஓடுகிறது. உச்சியில் மைதானம் மாதிரித் தட்டையான இடம். அங்கே ஜூலை 12-ந் தேதி கூடி ஆடுகளை மாற்றிக்கொண்டு, மல்யுத்தமும் குதிரைப் பந்தயமும் நடத்துவார்கள். 1835 வரை அது நடந்தது. இன்றும் அரசு வரைபடத்தில் அந்த இடத்துக்குப் பந்தயமைதானக் குன்று என்றுதான் பெயர். மேலே ஏறி நின்று பார்த்தபோது, இத்தனை உயரத்துக்குப் பந்தயக் குதிரையைக் கொண்டுவந்தார்களா என்று வாயடைத்துப் போனேன்.

சரி, ஆட்டை எப்படி அடையாளம் பார்ப்பார்கள்? இதற்கு மேய்ப்பர் கையேடு என்று ஒரு அச்சுப் புத்தகம் உண்டு. முதல் கையேடு 1817-ல் வந்தது. ஆவணக் காப்பகத்தில் ஒரு பழைய பதிப்பைப் பஞ்சணை மேல் வைத்துத் திறந்து காட்டினார்கள். பக்கத்துக்குப் பக்கம் ஒரே மாதிரி ஆட்டின் படம். படத்துக்குப் படம் மாறுவது குறிகள் மட்டும்தான். ஓர் ஆட்டுக்குத் தோளின் குறுக்கே சிவப்புக் கோடு, இன்னொன்றுக்கு இடுப்பில் பட்டை. பக்கத்திலேயே காது வெட்டின் விவரம்: இடது காது நுனி நேராக வெட்டியது, வலது காதின் கீழ் ஓரத்தில் சின்னச் சதுர வெட்டு. கம்பளியின் சாயம் ஒரு பருவத்தில் போய்விடும், காது வெட்டு சாகும்வரை இருக்கும். அதனால் தகராறு வந்தால் காதுதான் சாட்சி. இந்தக் குறி ஆளுக்கு உரியதல்ல, பண்ணைக்கு உரியது. பண்ணை கை மாறினால் குறியும் கூடவே போகும்.

இது எனக்குப் பெரிய உதவியாக இருந்தது. படத்துக்கு மேலே பண்ணையின் பெயரும் உரிமையாளர் பெயரும் இருக்கும். வெவ்வேறு வருஷப் பதிப்புகளை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால், எந்தப் பண்ணையில் யாருக்குப் பிறகு யார் வந்தார்கள் என்று பிடிபடும். மலைக் கிராமத்துப் பப் நடத்துகிறவர் பீரை மட்டும் நம்பிப் பிழைக்க முடியாது. ஆடு வைத்திருப்பார், கொஞ்சம் நிலம் வைத்திருப்பார். சமவெளிக் கிராமங்களில் கொல்லராகவோ தச்சராகவோ கசாப்புக்காரராகவோ இருப்பார். ஆகவே பப்காரரைத் தேடும்போது அவருடைய இன்னொரு தொழிலையும் கண்டிப்பாகத் தேடுங்கள். மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தொழில் என்ற கட்டத்தில் விவசாயி என்று மட்டும் எழுதியிருக்கலாம். பப் என்ற சொல்லே இல்லாமல் அந்தக் குடும்பம் உங்கள் கண்ணெதிரே நழுவிப்போகும்.

அடுத்து இடம். ஸ்காட்லாந்து தேசிய நூலகம் தன் இணையதளத்தில் பழைய அரசு வரைபடங்களை இலவசமாக வைத்திருக்கிறது. பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள், இங்கிலாந்து வரைபடங்களும் அங்கே உண்டு. பழைய வரைபடத்தையும் இன்றைய செயற்கைக்கோள் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் திறந்துகொள்ளலாம். இந்தப் பக்கம் சுட்டியை நகர்த்தினால் அந்தப் பக்கமும் நகரும். ஒரு மைலை 25 அங்குலமாகக் காட்டும் வரைபடத்தில் ஒவ்வொரு கட்டடத்தின் வடிவமும், சந்தும், பாலமும் தெரியும். மார்டேலில் அப்படி வைத்துப் பார்ப்பது கொஞ்சம் நெஞ்சை அடைக்கும். இடது பக்கம் வீடு, தோட்டம், தேவாலயம். வலது பக்கம் கருநீலம் மட்டும். பெயர் போடாத பப்புகளை இந்த வரைபடங்களில் இரண்டெழுத்துச் சுருக்கத்தில்தான் குறித்திருப்பார்கள்: முழு உரிமம் பெற்ற பப்புக்கு P.H., பீர் மட்டும் விற்கும் வீட்டுக்கு B.H. வரைபடத்தின் சுருக்கப் பட்டியலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

பீர் வீடு என்று சொன்னது சும்மா இல்லை. 1552 முதல் மது விற்க உள்ளூர் நீதிபதிகளின் உரிமம் வேண்டும். 1830-ல் அரசு ஒரு சட்டம் கொண்டுவந்தது. வரி கட்டும் எந்த வீட்டுக்காரரும் இரண்டு கினி (பழைய ஆங்கிலேயப் பணக் கணக்கு) கட்டினால் போதும், நீதிபதியிடம் போகாமலே பீர் விற்கலாம். நாடு முழுக்கப் பல்லாயிரம் வீடுகள் ஒரே மூச்சில் பீர் கடைகள் ஆயின. 1869-ல்தான் மறுபடி நீதிபதிகள் கைக்கு வந்தது. நீங்கள் தேடும் பப் இந்த 39 வருஷத்துக்குள் முளைத்ததாக இருந்தால், நீதிமன்றப் பதிவில் அது இல்லை என்பதை வைத்து அப்படி ஒரு பப்பே இல்லை என்று முடிவுகட்டக் கூடாது. 1872-க்குப் பிறகு உரிமப் பதிவேடு ஒழுங்காக வைக்கப்பட்டது. யாரிடமிருந்து யாருக்கு மாறியது, என்ன அபராதம் என்றெல்லாம் அதில் இருக்கும். நாளிதழில் பப்பின் பெயரோடு உரிமம் மாறிய செய்தி ஒரே வரியில் வரும். அந்த ஒரு வரி கிடைத்தால் மீதிக் குடும்பக் கதை தானாக அவிழும்.

மார்டேலைத் தேடும்போது தலையைச் சுற்றவைத்தது நிர்வாக எல்லை. அத்தனை சின்ன ஊர் ஷாப் (Shap), பாம்ப்டன் என்று இரண்டு பாரிஷ்களுக்கு, அதாவது தேவாலய வட்டங்களுக்கு, இடையில் பிரிந்து கிடந்தது. ஊர்ப் பெயரைப் போட்டுத் தேடினால் பாதிப் பேர் வர மாட்டார்கள். மாவட்டமும் அப்படித்தான். 1974 வரை வெஸ்ட்மோர்லாந்து, அப்புறம் கும்ப்ரியா, 2023 முதல் உள்ளாட்சி மட்டும் வேறு பெயரில். பழைய காகிதங்கள் கெண்டல் ஊர் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. அங்கே வேலை செய்கிறவர்கள் பொறுமைசாலிகள். போவதற்கு முன் மின்னஞ்சலில் என்ன தேடுகிறீர்கள் என்று இரண்டு வரி எழுதிவிட்டால், நீங்கள் நினைத்துப் பார்க்காத கட்டு ஒன்றை எடுத்து வைத்திருப்பார்கள்.

ஷாப்புக்கும் மார்டேலுக்கும் இன்னொரு தொடர்பு உண்டு, அது பப்போடு நேராகச் சேராது. ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. மார்டேலுக்கு 1729-ல்தான் சொந்தமாக அடக்கம் செய்யும் உரிமை கிடைத்தது. அதுவரை இறந்தவர்களைக் குதிரை முதுகில் கட்டி, செங்குத்தான மலையேறி, ஸ்விண்டேல் வழியாக ஷாப்புக்குக் கொண்டுபோவார்கள். உரிமை கிடைத்த பிறகும் கடைசியாக ஒரு உடல் அப்படிப் போனது 1736-ல். 1935-ல் ஊரை மூழ்கடிக்கும் முன் தேவாலயத் தோட்டத்திலிருந்து 97 பேரின் உடல்களைத் தோண்டி எடுத்து, மறுபடி அதே ஷாப்புக்குத்தான் கொண்டுபோய்ப் புதைத்தார்கள். பழைய பிணப்பாதை இன்றும் நடைபாதையாக இருக்கிறது. ஏரிக்கரைச் சாலையிலிருந்து ஏறுகிறது. முதல் அரை மணி நேரம் மூச்சு வாங்கும்.

மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு வருகிறேன். இங்கே இந்த ஊருக்கு மட்டும் ஒரு விசேஷம். இங்கிலாந்தில் கணக்கெடுப்புத் தாள்கள் 100 வருஷம் மூடிவைக்கப்படும். 1921-ம் வருஷத்துடையது 2022 ஜனவரியில் திறக்கப்பட்டது. அடுத்தது 1931, அந்தத் தாள்கள் 1942-ல் தீயில் முழுக்க எரிந்துவிட்டன. 1939-ல் போர்க்காலப் பதிவேடு எடுத்தபோது மார்டேல் தண்ணீருக்கு அடியில். ஆகவே 1921 ஜூன் 19 இரவுதான் அந்த ஊரின் ஆட்கள் பெயர் பெயராக வரிசையில் நிற்கிற கடைசி இரவு. சட்டம் நிறைவேறி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. எல்லோருக்கும் நடக்கப்போவது தெரியும். அந்தப் பக்கங்களைப் பார்க்கும்போது நான் அவசரப்படவில்லை. பதிவு வெளியானபோது இலவசமாகப் பார்க்க வழிசெய்த இடங்களில் மான்செஸ்டர் மத்திய நூலகமும் ஒன்று. தண்ணீர் கேட்ட நகரத்து நூலகத்தில் உட்கார்ந்துதான் நான் தண்ணீர் கொடுத்த ஊரின் பெயர்களைப் படித்தேன்.

விடுதியோடு சேர்ந்த பப்பைத் தேடுகிறவர்கள் கணக்கெடுப்புப் பக்கத்தில் இன்னொன்றையும் கவனியுங்கள். அன்றிரவு அங்கே யார் தூங்கினார்களோ அவர்கள் பெயர்தான் இருக்கும். வீட்டுக்காரர், பணிப்பெண், மாட்டுத் தொழுவத்துப் பையன், வந்து தங்கிய நடைப்பயணி எல்லோரும் ஒரே தாளில். விருந்தினர் என்று குறித்தவரை ஒதுக்கிவிடாதீர்கள். எந்த ஊரிலிருந்து, என்ன வேலை செய்கிறவர்கள் வந்தார்கள் என்பதிலிருந்தே அந்தப் பப் எதை வைத்துப் பிழைத்தது என்று ஊகிக்கலாம்.

நான் சொல்லப்போவதில் எனக்கு மிகவும் மதிப்பானது இது. ஒரு இடத்தை அழித்தவர்களின் கோப்பில்தான் அந்த இடம் மிக நுணுக்கமாகப் பதிவாகியிருக்கும். ரயில்பாதை, கால்வாய், அணை எதற்காவது நாடாளுமன்றத்தில் தனிச்சட்டம் கேட்கிறவர்கள், எந்தெந்த நிலத்தை எடுக்கப்போகிறார்கள் என்று எண் போட்ட வரைபடமும், ஒவ்வொரு எண்ணுக்கும் உரிமையாளர் யார், குத்தகைதாரர் யார், குடியிருப்பவர் யார் என்ற பட்டியலும் முன்கூட்டியே கொடுக்க வேண்டும். ஒரு பிரதி நாடாளுமன்றத்துக்கு, ஒன்று அந்த மாவட்டத்துக்கு. வீடு, கொட்டகை, தோட்டம், பட்டி, தண்ணீர் வழி என்று ஒவ்வொன்றும் தனி எண். உங்கள் பப் ரயில் நிலையத்துக்காக இடிக்கப்பட்டிருந்தாலும் சரி, அணைக்காக மூழ்கியிருந்தாலும் சரி, முதலில் இந்தப் பட்டியலைக் கேளுங்கள். இதோடு, 1910-ம் வருஷ வரிச் சட்டத்துக்காக நாடு முழுக்க எடுத்த நில மதிப்பீட்டுக் குறிப்பேடுகளும் லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. பல பப்புகளுக்கு அறை எத்தனை, கட்டடம் என்ன நிலையில் என்றுகூட அதில் எழுதியிருப்பார்கள்.

பழைய தபால் அட்டைகளை வாங்குகிறவர்கள் நிறைய. மார்டேல் அழகான ஊர் என்பதால் அட்டைகள் ஏராளம். தபால் முத்திரையின் தேதி படமெடுத்த தேதி ஆகாது. ஒரே படத்தைப் பல வருஷம் அச்சடித்து விற்பார்கள். வாசலுக்கு மேலே உரிமம் பெற்றவர் பெயர்ப் பலகை தெரிகிறதா என்று பூதக்கண்ணாடியில் பாருங்கள். பெயர் கிடைத்தால் உரிமப் பதிவோடு ஒப்பிட்டுப் படத்தின் காலத்தைச் சில வருஷத்துக்குள் அடக்கிவிடலாம்.

மனிதர்களிடம் கேட்பதையும் விட்டுவிடாதீர்கள். மார்டேல் சந்திப்பு பின்னாளில் பாம்ப்டனுக்கு மாறியது. அந்தப் பக்கம் ஒரு பண்ணை வீட்டில் வயதான அம்மா ஒருவரிடம் பேசிக்கொண்டிருந்தேன். அவருடைய அப்பா சிறுவனாக டன் புல்லுக்குப் போனவர். அந்த அம்மா எனக்குச் சொன்ன யோசனை: “பப்பைப் பத்திக் கேட்டா ‘நல்ல இடம்’னு சொல்லிட்டு நிறுத்திடுவாங்க. யார் ஆட்டுக்கு யார் சொந்தம் கொண்டாடினாங்கன்னு கேளுங்க. விடியற வரைக்கும் பேசுவாங்க.” அப்படியே நடந்தது. அடுத்த வீட்டுப் பெரியவரிடம் காது வெட்டைப் பற்றிக் கேட்டதும், அவர் காகிதம் எடுத்து ஆட்டுக் காதை வரைந்தே காட்டினார். பேச்சு வாக்கில் பப்பின் சமையலறை, ஈரக் கோட்டுகள் காய்ந்த இடம், பாட்டுக்கு முன் தட்டில் காசு சேர்த்தது எல்லாம் வந்து விழுந்தது. நான் பப் என்ற வார்த்தையையே எடுக்கவில்லை.

கடும் வறட்சியில் ஏரி வற்றினால் ஊர் வெளியே தெரியும். 1984, 1995, 2003, 2021, 2022 வருஷங்களில் அப்படி நடந்தது. வேலிச் சுவர்களும், சந்தின் கோடுகளும், சின்னக் கல்பாலமும் மேலே வரும். முழுக் கட்டடம் எதையும் எதிர்பார்க்காதீர்கள். வீடுகளையும் டன் புல்லையும் நீர் ஏறும் முன்பே இடித்துவிட்டார்கள். ராணுவத்தின் பொறியாளர் படை வெடி வைத்துப் பழகியது அந்தச் சுவர்களில்தான். தண்ணீருக்கு அடியில் தேவாலய மணி ஒலிக்கிறது என்று சொல்வார்கள், நம்பாதீர்கள். 1935 ஆகஸ்ட் 18-ல் கடைசி வழிபாடு நடந்தது. உள்ளே இடம் போதாமல் வெளியே நின்ற கூட்டத்துக்கு ஒலிபெருக்கி வைத்தார்கள். அதன்பின் தேவாலயத்தையும் கல் கல்லாகப் பிரித்தெடுத்துவிட்டார்கள்.

பார்க்கப் போகிறவர்கள் ஏரியின் கிழக்குக் கரைச் சாலையில் கடைசிவரை போனால் வண்டி நிறுத்துமிடம் வரும். அந்தச் சாலையே மாநகராட்சி புதிதாகப் போட்டதுதான். பழையது மேற்குக் கரையில் மூழ்கியது. வழியில் உள்ள ஹாஸ்வாட்டர் ஹோட்டல், டன் புல்லுக்கு மாற்றாக 1937-ல் மாநகராட்சி கட்டியது. வற்றிய ஏரியின் தரை வெடித்துக் காய்ந்த மாதிரி இருக்கும், கீழே சேறு முழங்கால் வரை இழுக்கும். சுவர் வரிசையை ஒட்டியே நடங்கள், தனியாகப் போகாதீர்கள். கல்லை நினைவாக எடுத்து வருகிற பழக்கம் வேண்டவே வேண்டாம். அந்தச் சுவர்க் கோடுகளை வைத்துத்தான் எந்த வீடு எங்கே என்று வரைபடத்தோடு பொருத்த முடிகிறது. நாலு பேர் நாலு கல்லை எடுத்தால் அடுத்த வறட்சியில் கோடு இருக்காது.

கெண்டலுக்குப் போகிறவர்களுக்குக் கடைசியாக ஒன்று. நாடாளுமன்ற வரைபடங்கள் பெரிய சுருளாக இருக்கும், விரிக்கப் பெரிய மேஜை வேண்டும். வேண்டும் என்று முன்பே சொல்லிவையுங்கள். பட்டியலில் உள்ள எண்களைத் தனித் தாளில் எழுதிக்கொண்டு போனால், சுருளை விரித்ததும் நேராகப் பப்பின் எண்ணுக்கே போய்விடலாம். பென்சில் மட்டும்தான் உள்ளே விடுவார்கள்.